அக்காள்மடத்துக்கு நடந்து போக வழி இருக்கா பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். லீவு விட்டாச்சு, கேங் எட்டுப் பேர் ராமேஸ்வரம் டூர் கிளம்பிட்டீங்கன்னு வெச்சுக்குங்க. வேன் முழுக்க சிப்ஸ் பாக்கெட், ஸ்பீக்கர்ல குத்துப் பாட்டு. மண்டபம் தாண்டினதும் காத்துல உப்பு வாசம் அடிக்குது. பாம்பன் பாலம்! எட்டுப் பேரும் ஒரே குரல்ல, ''அண்ணே, நிறுத்துங்கண்ணே... ஒரே ஒரு போட்டோ!'' டிரைவர் அண்ணனும் பாவம், எத்தனை கேங்கைப் பார்த்திருப்பார். பாலத்தோட நடுவுலயே ஓரம் கட்டறார். இறங்கி, கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு, முடியைக் காத்துல பறக்க விட்டு... க்ளிக்!

இப்ப அந்த போட்டோவை ஜூம் பண்ணுங்க. உங்க முகத்தை இல்லீங்க, பின்னாடி. கேரியர்ல ஐஸ் பெட்டி கட்டின ஒரு பெரியவர் சைக்கிள்ல வர்றார். உங்க வேன் நிக்கிறதால அவர் ரோட்டு நடுவுக்கு வந்தாகணும். எதிர்ல ராமேஸ்வரம் பஸ். பின்னாடி ஒரு டெம்போ டிராவலர் ஹாரன் அடிக்குது. பெரியவர் ஒரு செகண்ட் தடுமாறி, சமாளிச்சுப் போயிடறார். நீங்க அதைப் பார்க்கவே இல்லை. உங்களுக்கு லைக்ஸ் எண்ணவே நேரம் சரியா இருந்துச்சு!

இந்த வாரம் மேட்டர் அந்தப் பெரியவர்தான். அவருக்கு ஒரு பாதை வேணும். நடக்கறவங்களுக்கும் சைக்கிள் மிதிக்கறவங்களுக்கும்னு தனியா, ரோட்டை ஒட்டி, பாம்பன்ல தொடங்கி அக்காள்மடம், தங்கச்சிமடம் வழியா ராமேஸ்வரம் வரைக்கும். சுமார் 12 கிலோமீட்டர். இது ஏதோ ஒரு ஆபீஸ் ஃபைல்ல தூங்குற திட்டம்னு நினைச்சுடாதீங்க. நாம உட்கார்ந்து போட வேண்டிய திட்டம். அதைப் போடறது எப்படின்னுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஊர் ஜாதகம். பாம்பன் தீவுக்கு ரோடு வந்ததே 1988-லதான். அந்த வருஷம் அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி திறந்து வெச்ச அன்னை இந்திரா காந்தி பாலம், நீளம் 2.345 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி ரயில்ல போகணும், இல்லேன்னா படகு. ரயில் பாலமோ 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. அதாவது தண்டவாளம் வந்து 74 வருஷம் கழிச்சுத்தான் தார் ரோடு கடலைத் தாண்டியிருக்கு. 1988-க்கு முன்னாடி கார்ல ராமேஸ்வரம் போறதுங்கறது நடக்காத காரியம்!

ரோடு பாலத்துல ரெண்டு வண்டி எதிரெதிரே போற அளவுதான் அகலம். இரண்டு ஓரத்திலும் நடக்கறதுக்குன்னு கொஞ்சம் உயரமா ஒரு மேடை உண்டு. சாதாரணமா நடந்தா பாலத்தைக் கடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனா அந்த மேடையில நிக்கறது யாரு? நாமதான், செல்ஃபி ஸ்டிக்கோட. நடக்கறவர் இறங்கி ரோட்டுல போவார். பாலம் முடிஞ்சு தீவுக்குள்ள இறங்கினதும் அந்த மேடையும் போச்சு. அதுக்கப்புறம் தார் முடியற இடத்துல மணல், மணல் முடியற இடத்துல முள்ளு. நடுவுல கடை போர்டு, கரண்ட் கம்பம், நிறுத்தி வெச்ச பைக். ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க, மீன் கூடையோட ஷேர் ஆட்டோவுக்கு நிக்கிற அக்காக்கள், தண்ணிக் குடத்தோட வர்ற பாட்டி, எல்லாருக்கும் அந்த ஒரு முழ மணல்தான் பிளாட்ஃபாரம்.

இங்கேதான் ஒரு செம விஷயம் சொல்லணும். பஸ் ஜன்னல் வழியா நீங்க படிக்கிற ஊர்ப் பேர்களைக் கொஞ்சம் நிதானமா படிங்க. மண்டபம். அக்காள்மடம். தங்கச்சிமடம். தனுஷ்கோடிப் பக்கம் போனா முகுந்தராயர் சத்திரம். மண்டபம், மடம், சத்திரம்... என்ன பாஸ் இதெல்லாம்? நடந்து வந்தவன் உட்கார்ந்து இளைப்பாறின இடங்கள்! காசியில இருந்தும் எங்கெங்கே இருந்தோவும் ராமேஸ்வரத்துக்கு மாசக்கணக்கில நடந்தே வந்திருக்காங்க. அந்த வழிக்குப் பேரே சேது மார்க்கம். ராமநாதபுரம் சேதுபதி மன்னர்கள் வழி நெடுக சத்திரம் கட்டி, சோறு போட்டு, தண்ணி கொடுத்து, அந்தச் செலவுக்குன்னு கிராமங்களையே எழுதி வெச்சாங்க. ஒரு ஆளு ஒரு நாள்ல எவ்வளவு தூரம் நடக்க முடியும், எங்கே களைப்பாவான், எங்கே நிழல் வேணும்னு கணக்குப் போட்டிருக்காங்க. இன்னிக்கு அதைத்தான் டவுன் பிளானிங்னு செமஸ்டர் ஃபீஸ் கட்டிப் படிக்கிறோம்!

(அந்த அக்கா யாரு, தங்கச்சி யாருன்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட கேளுங்க. ஆளுக்கு ஒரு கதை கிடைக்கும். எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குங்க, பின்னாடி புராஜெக்ட்டுக்கு உதவும்.)

அதனால, 'பிளாட்ஃபாரம், சைக்கிள் டிராக் எல்லாம் ஃபாரின் மேட்டர், நம்ம ஊருக்குச் சரிப்படாது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இந்த ரோடு பிறந்ததே நடக்கறவனுக்காக. பஸ்ஸும் காரும்தான் லேட்டா வந்த விருந்தாளி.

நடந்தும் ஓடியும் வளர்ந்த ஒரு பையனையும் இந்தத் தீவு உலகத்துக்குக் கொடுத்திருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயம், ராமேஸ்வரம் ஸ்டேஷன்ல ரயில் நிக்கறதை நிறுத்திட்டாங்க. பேப்பர் பண்டலை ஓடற ரயில்ல இருந்து தூக்கிப் போடுவாங்க. அதைப் பொறுக்கி, ஊருக்குள்ள கொண்டு போய் சேர்க்கிற வேலையில தன் உறவுக்கார அண்ணனுக்கு உதவின பையன்தான் நம்ம அப்துல் கலாம். அவரே தன் சுயசரிதையில சொன்ன சங்கதி. முதல் சம்பளம் கொடுத்த வேலை அதுதான். 2017 ஜூலை 27-ல் பேக்கரும்புல அவர் நினைவிடம் திறந்தாச்சு. எத்தனையோ காலேஜ் பஸ் வந்து நிக்குது. ஆனா அங்கே பாம்பன்ல இருந்து ஒரு ஸ்கூல் பொண்ணு சைக்கிள்ல பயமில்லாம போய்ட்டு வர முடியுமா? அதுக்கு மட்டும் வழி இல்லை.

சரி, சீரியஸா ஒரு நம்பர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825. ஐந்துல ஒருத்தர்! வண்டி ஓட்டாதவன், ஸ்பீடா போகாதவன், யாரையும் இடிக்காதவன். அவன் செஞ்ச ஒரே தப்பு ரோட்டோரமா போனதுதான்.

இதுக்காக கோர்ட் படி ஏறினவர் ஒரு தமிழ்நாட்டு டாக்டர். கோயம்புத்தூர் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன். விபத்துல நொறுங்கி வர்றவங்களைத் தினம் தினம் ஆபரேஷன் டேபிள்ல பார்த்தவர், 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுல பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்குலதான் 2025 மே மாதம், பாதசாரிகள் தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்தறது அரசியல் சாசனத்தோட 21-வது பிரிவு கொடுக்கிற உயிர் வாழும் உரிமையில அடக்கம்னு கோர்ட் சொல்லிச்சு. ஸோ, பாம்பன்ல நாம பிளாட்ஃபாரம் கேட்கறது சலுகை கேட்கற கணக்குல வராது. உரிமை கேட்கறோம். மனு எழுதும்போது இந்த ஒரு வரியை மறக்காம போடுங்க.

இனி சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, கொஞ்சம் முன்னாடி வாங்க.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒண்ணு இருக்கு. கட்சி இல்லீங்க! 1934-ல் ஆரம்பிச்ச ரோடு இன்ஜினீயர்கள் அமைப்பு. அவங்க 103-ம் நம்பர் கையேடு முழுக்க நடக்கறவங்களைப் பத்தித்தான். அதுல நடைபாதைக்கு என்ன சொல்றாங்க தெரியுமா? தடையே இல்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம். ஏன் 1.8? ரெண்டு வீல்சேர் எதிரெதிரா வந்தா இடிக்காம போகணும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம்ம ஊர்ல சில இடத்துல முழங்கால் உயரத்துக்குக் கட்டி வெச்சிருப்பாங்களே, அதுல ஏறணும்னா பாட்டிக்கு ஏணி வேணும். அப்புறம் 'யாருமே பிளாட்ஃபாரத்துல நடக்க மாட்டேங்கறாங்க'ன்னு கம்ப்ளெய்ன்ட் வேற!

கம்பம், பெட்டி, மரம் எல்லாம் அந்த 1.8 மீட்டருக்கு வெளியே தனி வரிசையில நிக்கணும். கடை வாசல், வீட்டு கேட் வர்ற இடத்துல பாதை இறங்கி இறங்கி ஏறக் கூடாது. கார்தான் பாதை மேல மெதுவா ஏறி இறங்கணும். இது ரொம்ப சின்ன விஷயமா தெரியும். ஆனா ஒரு கிலோமீட்டருக்கு முப்பது தடவை இறங்கி ஏறணும்னா, முப்பத்தொண்ணாவது தடவை மனுஷன் ரோட்டுலயே நடந்துடுவான். பஸ் ஸ்டாப் வர்ற இடத்துல சைக்கிள் பாதை நிழற்குடைக்குப் பின்பக்கமா சுத்திப் போகணும். இல்லேன்னா பஸ்ஸைப் பார்த்து ஓடறவரும் சைக்கிள்காரரும் தினம் முட்டிக்குவாங்க.

பாம்பன் பஜார், தங்கச்சிமடம் மாதிரி நெரிசலான இடத்துல நடக்கறவங்களுக்குத் தனி, சைக்கிளுக்குத் தனி. நடுவுல தென்னந்தோப்பும் பனையுமா ஆள் நடமாட்டம் குறைவா இருக்கற தூரத்துக்கு ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பாதை போதும். எதிரெதிரே ரெண்டு சைக்கிள் தாராளமா போக 3 மீட்டர் இருந்தா நல்லது. எல்லா இடத்திலும் ஒரே டிசைன்னு பிடிவாதம் பிடிச்சா பட்ஜெட்டும் காலி, திட்டமும் காலி.

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். பாம்பனுக்குன்னு மூணு எதிரி உண்டு.

ஒண்ணு காத்து. பழைய ரயில் பாலத்துல காத்து வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டா ரயிலையே விட மாட்டாங்க. ரயிலுக்கே அந்த கதின்னா சைக்கிளுக்கு? வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு நாலு திசைக் காத்துக்கும் பேர் வெச்சிருக்கற ஊரு இது. ரோடு மேற்கே இருந்து கிழக்கே போகுது. கச்சான் காத்து அடிக்கிற நாள்ல பாம்பன்ல இருந்து ராமேஸ்வரம் போறது ஜாலி, மிதிக்கவே வேண்டாம், தள்ளிட்டுப் போகும். திரும்பி வர்றப்பதான் இருக்கு வேடிக்கை! அதனால எதிர்க்காத்துல சைக்கிள் வளையறதையும் கணக்குல எடுத்து, ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவுல இடைவெளி விடணும். பெயின்ட்ல ஒரு வெள்ளைக் கோடு மட்டும் போட்டுட்டு 'சைக்கிள் டிராக் ரெடி'ன்னு ரிப்பன் வெட்டினா, முதல் காத்துக்கே சைக்கிள் பஸ் சக்கரத்துப் பக்கம் போயிடும்.

ரெண்டு, உப்பு. ஊர்ல எந்த வீட்டு ஜன்னல் கம்பியையும் தடவிப் பாருங்க, கைல துரு வரும். சும்மா இரும்புக் குழாயில கைப்பிடி வெச்சா சில வருஷத்துல அது பொடி. இங்கே கல்லும் கான்கிரீட்டும்தான் தாங்கும். கான்கிரீட்டுக்குள்ள இருக்கற கம்பியையும் உப்பு விடாது, அதனால மேல பூசற கனம் கூடுதலா இருக்கணும்.

மூணாவது வில்லன், சீமைக் கருவேல முள்! சைக்கிள் வெச்சிருக்கற பாம்பன் பிள்ளைகளைக் கேளுங்க, பஞ்சர் கதை ஆயிரம் சொல்வாங்க. பாதை ஓரத்துல வேம்பு, புங்கை, பூவரசுன்னு வெச்சு வளர்க்கணும். இது அழகுக்காகச் சொல்லலை. சித்திரை வெயில்ல நிழல் இல்லாத பாதையில மனுஷன் நடக்க மாட்டான், நாய் கூட நடக்காது. சேதுபதி காலத்து ஆட்களுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு.

அடுத்து நம்ம இன்டர்நேஷனல் செக்‌ஷன். 'பழைய ரயில் பாலம் சும்மாதானே கிடக்கு, அதையே வாக்கிங் டிராக்கா மாத்திடலாமே?'ன்னு நிறைய பேர் கேட்கறாங்க. செம ஐடியா மாதிரி தெரியுதுல்ல? உலகத்துல அப்படி ஒரு இடம் நிஜமாவே இருக்கு. அமெரிக்காவுல ஃப்ளோரிடா பக்கம் கீ வெஸ்ட் தீவுக்கு, நம்ம பாம்பன் பாலம் திறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1912-ல் கடல் மேல ரயில் ஓட்டினாங்க. 1935-ல் பெரும் புயல் வந்து தண்டவாளத்தை வாரிட்டுப் போச்சு. கம்பெனி கையை விரிச்சுட்டுது. அந்தப் பாலங்களை அரசு வாங்கி ரோடாக்கி 1938-ல் திறந்தது. அப்புறம் 1982-ல் புது ரோடு பாலம். பழைய 'செவன் மைல்' பாலத்துல 2.2 மைல் நீளத்தை ரிப்பேர் பார்த்து, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மட்டும்னு 2022 ஜனவரியில திறந்து விட்டாங்க.

நம்ம கதை அப்படியே தலைகீழ். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது, பாம்பன்-தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் பயணிகளோட கடலுக்குள்ள போச்சு, பாலம் சிதைஞ்சது. ஆனா நாம கையை விரிக்கலை. இளம் இன்ஜினீயரா இருந்த இ.ஸ்ரீதரன் பொறுப்பெடுத்து 46 நாள்ல ரயிலை ஓட வெச்சார். அந்தப் பாலம் 2022 டிசம்பர் வரைக்கும் உழைச்சுது. 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்துலயே புதுப் பாலம் வந்தாச்சு. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி லிஃப்ட் மாதிரி நேரா மேலே போகுது.

பழசை நடைபாதையாக்க எனக்கும் ஆசைதான். ஆனா யோசிங்க. கடல்ல நூறு வருஷத்துக்கு மேல நின்ன இரும்பு. தண்டவாளத்துக்கு நடுவுல தளமே கிடையாது, கட்டைக்குக் கட்டை கடல் தெரியும். முக்கியமா, நடுவுல ரெண்டு கையா பிரிஞ்சு தூக்குற பகுதி இருக்கே, அது மேலே தூக்கியே இருந்தாத்தான் கப்பலும் பெரிய படகும் போக முடியும். தூக்கி இருந்தா நடக்கறவர் எப்படி தாண்டுவார்? ஆக, கரையில இருந்து கொஞ்ச தூரம் போய் கடலைப் பார்த்துட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். கீ வெஸ்ட்லயும் பாதி வழியில ஒரு குட்டித் தீவோட பாதை முடிஞ்சுடுது. நினைவுச் சின்னமா ஒரு துண்டையாவது காப்பாத்தினா சந்தோஷம். ஆனா அது டூரிஸ்ட்டுக்கு. ஐஸ் பெட்டிப் பெரியவருக்கு அதால ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. அதனாலதான் என் ஓட்டு, ரயில் பாலத்துக்கு இல்லாம ரோட்டோரப் பாதைக்கு.

அதே காரணத்துக்காக முதல் கட்டம் தனுஷ்கோடியில தொடங்கக் கூடாதுன்னும் சொல்வேன். முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் ரோடு 2017-ல் திறந்ததுல இருந்து அங்கே வண்டி குவியுது. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல சைக்கிள்... போஸ்டர் அடிக்க சூப்பரா இருக்கும்! அதிகாரிகளுக்கும் அதுதான் முதல்ல கண்ணுல படும். ஆனா அங்கே 2025 ஜூன்ல பூநாரை சரணாலயம் அறிவிச்சிருக்காங்க, ஆமை முட்டையிடற கரையும் பக்கத்துலயே இருக்கு. லைட் கம்பம் ஒண்ணு நடறதுக்கே பத்து தடவை யோசிக்கணும், ஆமைக் குஞ்சு வெளிச்சத்தைக் கடல்னு நினைச்சு ரோட்டுக்கு வந்துடும். அது ரெண்டாம் கட்டமா நிதானமா வரட்டும். தினம் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஜனங்க போறது பாம்பன்-தங்கச்சிமடம் ரோட்டுலதான். தொடங்க வேண்டியது அங்கேதான்.

'பாதை போட்டா மட்டும்? யாரு இன்னிக்கு சைக்கிள் ஓட்டறாங்க?' - இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில் ரெடி பண்ணிக்குங்க. தமிழ்நாட்டுல 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல ப்ளஸ் ஒன் படிக்கற எல்லாருக்கும் விரிஞ்சுது. உங்கள்ல எத்தனை பேர் அந்த சைக்கிள்ல டியூஷன் போனவங்க, கை தூக்குங்க! சைக்கிளை அரசு கொடுத்தாச்சு, ஓட்ட இடத்தை மட்டும் கொடுக்கலை. நீச்சல் டிரஸ் கொடுத்துட்டுக் குளத்தைப் பூட்டின கதை.

பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டைக்குப் போங்க. 1990-களோட ஆரம்பத்துல அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்துச்சு. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களை சைக்கிள்ல ஏத்தி விட்டார். லேடீஸ் சைக்கிள் கிடைக்கலையா, பரவாயில்லைன்னு ஜென்ட்ஸ் சைக்கிள்ல ஏறினாங்க கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும். கேலி பண்ணினவங்களுக்கும் குறைச்சல் இல்லை. பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேர்ல போய் பார்த்து எழுதியிருக்கார். பஸ்ஸுக்குக் காத்திருக்கற நேரம் மிச்சம், யாரையும் கேட்காம வெளியே போற தைரியம், இதெல்லாம் ரெண்டு சக்கரத்துல வந்துச்சு. மீன் விக்கற அக்கா அஞ்சு மணிக்கு ஆட்டோவுக்குக் காத்திருக்காம தானே மிதிச்சுட்டுப் போனா, அந்த ஆட்டோ காசு அவங்க கைல நிக்கும்ல?

எதிர்ப்பும் வரும், மறைக்க வேண்டாம். கடைக்காரர்கள் பயப்படுவாங்க. 'வண்டி நிக்கலேன்னா யாவாரம் எங்கே?' அவங்களை வில்லனாக்கிடாதீங்க, பயம் நியாயமானது. சென்னை பாண்டி பஜார்லயும் இதே பேச்சுதான் இருந்துச்சு. 2019 நவம்பர்ல அகலமான நடைபாதையோட அது திறந்தப்புறம் சாயங்காலம் போய் பாருங்க, ஜனம் எப்படி உலாத்துதுன்னு. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு தனிக் கொள்கை அறிவிச்சுது. கொள்கைக்கும் தெருவுக்கும் நடுவுல அஞ்சு வருஷம் ஓடிடுச்சு, அதையும் கவனிச்சுக்குங்க. பாம்பன்ல கடைக்காரர்களோட கரெக்டா பேச வேண்டியது, டூரிஸ்ட் வண்டி நிறுத்த ஒரு தனி இடம் எங்கேன்னு. அதை முடிவு பண்ணாம பாதை போட்டா, மறுநாள் காலையில பாதை மேல பத்து பைக் நிக்கும். பைக் ஏறாதபடி குட்டித் தூண் நடலாமேன்னா, பைக் நுழைய முடியாத சந்துல வீல்சேரும் நுழையாது. தூண் ஓரளவுக்குத்தான் உதவும், மீதிக்கு பைன் போடற போலீஸ் வேணும்.

கருவாடு காய வைக்கறவங்க, சங்குக் கடை போட்டிருக்கறவங்க இருக்காங்க. அவங்களும் ரோட்டை நம்பித்தான் பிழைக்கறாங்க. ஜூலையில வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா வந்தா தங்கச்சிமடமே ரோட்டுல இருக்கும். ஆடி, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் முழுக்க தலைதான் தெரியும். இந்தக் கூட்டத்தை ஒரு தடவை நேர்ல பார்க்காம ஏசி ரூம்ல உட்கார்ந்து மேப்ல கோடு போட்டா வேலைக்கு ஆகாது.

ஏன் இப்பவே அவசரம்? மதுரையில இருந்து வர்ற தேசிய நெடுஞ்சாலை 87 அகலமாகிட்டே வருது. பரமக்குடி-ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நாலு வழியாக்க 1,853 கோடி ரூபாய்க்கு 2025 ஜூலை 1-ல் மத்திய அமைச்சரவை ஓகே சொல்லியாச்சு. ராமநாதபுரம் வரைக்கும் நாலு வழியில பறந்து வர்ற வண்டியெல்லாம் கடைசியில எங்கே வந்து நிக்கும்? பாம்பன் ரோட்டுலதான். ரோடு வேலை நடக்கும்போதே ஓரப் பாதையையும் சேர்த்துப் போட்டா செலவு கம்மி. தார் போட்டு முடிச்சப்புறம் கேட்டா, 'அடுத்த திட்டத்துல பார்ப்போம் தம்பி'ன்னு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவாங்க.

அதுக்கு உங்க கைல இருக்க வேண்டியது ஒரு எண்ணிக்கை. நாலு பேர் போதும். பாம்பன் பஸ் ஸ்டாப், அக்காள்மடம், தங்கச்சிமடம்னு மூணு இடம் பிடிங்க. காலையில 6-லிருந்து 9, சாயங்காலம் 4-லிருந்து 7. நடக்கறவங்க, சைக்கிள், வீல்சேர், தலைச்சுமை - ஒவ்வொண்ணுக்கும் கோடு போட்டு எண்ணுங்க. ஆண், பெண், குழந்தை தனித்தனியா. ரோட்டுல இறங்கி நடந்தவங்களுக்குத் தனிக் கோடு, எதனால இறங்கினாங்கன்னு பக்கத்துல ஒரு வார்த்தை: பைக், கம்பம், சாக்கடை, கடை. ஒரு சாதாரண நாள், ஒரு சந்தை நாள், ஒரு அமாவாசை. என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரக்கன்று நட்டு போட்டோ எடுக்கறதை விட இது பிரமாதமான வேலை, சத்தியமா!

அடுத்து தகவல் உரிமைச் சட்டம். 2005-ல் வந்தது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். நெடுஞ்சாலைத் துறைகிட்ட ஒரு கேள்வி: இந்த 12 கிலோமீட்டர்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரோட்டுக்குச் சொந்தமான நிலத்தோட அகலம் எவ்வளவு? (அரசு நிலமே எவ்வளவுன்னு தெரியாம யாரோட வேலியையும் நகர்த்தச் சொல்லாதீங்க.) போலீஸ்கிட்ட ஒரு கேள்வி: கடந்த அஞ்சு வருஷத்துல இந்த ரோட்டுல நடந்த விபத்துல நடந்து போனவங்க எத்தனை பேர், சைக்கிள்ல போனவங்க எத்தனை பேர், எந்தெந்த இடத்துல?

இந்த ரெண்டு பேப்பரையும் எடுத்துட்டு கிராம சபைக்குப் போங்க. பாம்பன், தங்கச்சிமடம் ரெண்டும் ஊராட்சி. 18 வயசாகி, அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்க கிராம சபை உறுப்பினர், யார்கிட்டயும் பாஸ் வாங்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 - வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. 10,000 பேருக்கு மேல இருக்கற ஊராட்சின்னா குறைஞ்சது 300 பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும். ஸோ, ஹாஸ்டல்ல தூங்காம ஊருக்குப் போங்க, சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு மாமா எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. தீர்மானம் நோட்டுல ஏறினதும் நகல் கேட்டு வாங்கிடுங்க. அதைக் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளுக்கும், தேசிய நெடுஞ்சாலை அலுவலகத்துக்கும் ஒவ்வொரு காப்பி.

சந்தை நாள் எண்ணும்போது தண்ணி பாட்டிலும் தொப்பியும் மறக்காதீங்க. தலைச்சுமை காலத்துக்குக் கொஞ்சம் பெரிய கட்டம் போட்டு வையுங்க, அதுலதான் கோடு சீக்கிரம் நிரம்பும்.